இண்டர்நெட்டில் ஏறிய பரிவட்டம்

பேயாண்டி அண்ணன் அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்து கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தபோது எனக்குச் சுள்ளென்று வந்தது. திண்டுக்கல் ரோட்டைப் பார்த்த கண்ணாடிக் கதவில், தண்ணீர் பாட்டிலை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று நானே டைப் அடித்து ஒட்டியிருக்கிறேன். படித்தவர்களே அதைப் படிப்பதில்லை, இவரை என்ன சொல்ல. எடுங்கண்ணே அதை என்றேன். அவர் எடுக்கவில்லை. குடிக்கிற தண்ணி இல்ல தங்கச்சி, கெணத்துத் தண்ணி என்றார், ஏதோ அதனால் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகாது என்பதுபோல.

பாட்டிலில் தண்ணீர் பழுப்பாக இருந்தது. அடியில் ஊதாவாக ஏதோ படிந்திருந்தது. நெசவுக்காரர்களான எங்கள் சௌராஷ்டிர வீடுகளில் சாயத்தோடு சம்பந்தமில்லாத வீடு குறைவு. என் அம்மா வீட்டுக் கொல்லையிலும் ஒரு சாயத்தொட்டி இருந்தது. அந்த நிறம் எனக்குத் தெரியும். பாட்டிலை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு, உட்காருங்க என்றேன்.

என் பெயர் ஹம்சவேணி. மதுரை விளாங்குடியில் எனக்கும் என் வீட்டுக்காரர் ஜனகராஜுக்கும் சேர்த்து ஒரு பிரௌசிங் சென்டர். அவர் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பார். நான் டைப்பிங், கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துக்கு பிளக்ஸ் டிசைன் எல்லாம் பார்ப்பேன். செல்போனில் இண்டர்நெட் வராத காலம் அது. கரண்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று கரண்ட் ஆபீஸ்காரனுக்கே தெரியாத காலமும் அதுதான். எங்கள் கடையில் வேலை பார்த்த திவ்யா, பேயாண்டி அண்ணனின் மகள். பக்கத்துத் தெருவில் அவள் சித்தி வீட்டில் தங்கியிருந்தாள்.

அண்ணனுக்கு ஊர் பேரையூரிலிருந்து உள்ளே போகவேண்டும். ஊர்ப் பெயரை மாற்றித்தான் சொல்கிறேன், மொட்டப்பாறைப்பட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நூலுக்குச் சாயமேற்றும் ஒரு கம்பெனி வந்திருந்தது. அதன் பெயரையும் எழுதப்போவதில்லை. ஊரில் எல்லாரும் மில் என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். மில்லுக்குப் பின்னால் ஒரு ஓடை. ஓடை போய்க் கண்மாயில் விழும். கண்மாய்க்கும் ஓடைக்கும் நடுவில்தான் அண்ணனின் மல்லிகைத் தோட்டம். கரிசலும் கல்லுமாகக் கிடந்த இடத்தில் புருசனும் பெண்டாட்டியும் கிணறு வெட்டி, வண்டி வண்டியாய்ச் செம்மண் அடித்து உண்டாக்கியது. மில் வந்த அடுத்த வருசமே கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறிவிட்டது. மொட்டு செம்பட்டையாகி, மலராமலே உதிர்ந்தது. கிணறு போனால் தோட்டம் போச்சு, தோட்டம் போனால் குடும்பத்தோடு திருப்பூருக்குப் பஸ் ஏறவேண்டியதுதான். அந்தப் பேச்சை அவர் சம்சாரம் செல்லத்தாய் அக்கா எடுத்தாலே அண்ணன் துண்டை உதறிக்கொண்டு வெளியே போய்விடுவாராம். திவ்யா சொல்லியிருக்கிறாள்.

அன்றைக்கு அவர் வந்தது கலெக்டர் ஆபீஸிலிருந்து. திங்கட்கிழமை மனு கொடுக்கிற நாள். மனுவை வாங்கிய அதிகாரி, உங்கள் ஊருக்கு அந்தக் கம்பெனி எவ்வளவோ செய்திருக்கிறதே, இண்டர்நெட்டில் போட்டிருக்கிறார்களே, போய்ப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

“எங்க ஊரப் பத்தி இண்டர்நெட்டுல என்னமோ போட்டுருக்கானாம். அத எடுத்துக் காட்டு தங்கச்சி. என்ன பொய் சொல்லிருக்கான்னு தெரிஞ்சாத்தான நான் இல்லன்னு சொல்ல முடியும்?”

நியாயமான கேள்வி. ஐந்து நிமிட வேலை என்று நினைத்தேன். என் புத்தியைச் சொல்லவேண்டும்.

திவ்யா மில் பெயரை அடித்தாள். முதலில் வந்தது வேலை வாங்கித் தருகிற கம்பெனி. அடுத்தது அதே பெயரில் வடக்கே ஏதோ ஒரு லாட்ஜ். அப்புறம் பஞ்சு விலை, அப்புறம் ஷேர் விலை. நாலாவதோ ஐந்தாவதோ மில்லின் சொந்தப் பக்கம் வந்தது. திறந்தால் எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பறந்து வந்து கம்பெனிப் பெயராகச் சேர்ந்தன, கூடவே வீணை வாசித்தார்கள். அது முடிகிறவரை வேறெதையும் அமுக்க முடியாது. வீணை முடிகிற நேரம் பார்த்து கரண்ட் போனது. யூபிஎஸ் கீச்கீச்சென்று கத்தியது. பேட்டரியை மாற்றச் சொல்லி ஜனகராஜிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். எல்லாக் கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டு, வேர்த்து வடிய, விசிறிக்குப் பதிலாக ஒரு கல்யாணப் பத்திரிகையை வைத்து வீசிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அண்ணன் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கரண்ட் வந்தது. மறுபடியும் எழுத்து பறந்தது, மறுபடியும் வீணை. உள்ளே போனால் நூல் ரகங்கள், எந்தெந்த நாட்டுக்குப் போகிறது, முதலாளியின் படம். ஊர் என்ற சொல்லே இல்லை. திவ்யா தேடுகிற இடத்தில் ‘மில் கிராமத்துக்கு உதவி’ என்று இங்கிலீஷில் அடித்தாள். கிராமத்துப் பெண் தேடும் மாப்பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். அண்ணன், இவுகளெல்லாம் யாருத்தா என்று கேட்டார். அவள் சட்டென்று அந்தப் பக்கத்தை மூடினாள்.

மூன்று நாள் இப்படிப் போனது. அண்ணன் காலையில் முதல் பஸ்ஸில் வருவார், சாயங்காலம் போவார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் வேறு யாரையும் உட்காரச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஜனகராஜ் எங்கள் சௌராஷ்டிர பாஷையில், இது கடையா சத்திரமா என்று கேட்டார். சத்திரம்தான் என்றேன். ஆனால் மனுசன் சும்மா இருக்கவில்லை. பெங்களூரில் இருக்கும் அவர் அக்கா மகன் ராகேஷுக்குப் போன் போட்டுக் கேட்டார். அந்தப் பையன் சிரித்துவிட்டு, மாமா, அதுக்குச் சி.எஸ்.ஆர் என்று பெயர், அதைப் போட்டுத் தேடினால்தான் கிடைக்கும் என்றானாம். கம்பெனிகள் ஊருக்குச் செய்ய வேண்டிய பொறுப்பு, அதன் இங்கிலீஷ் சுருக்கம்.

பேயாண்டி அண்ணன் நிமிர்ந்தார். “சி.எஸ்.ஆரா? அது போலீஸ் ஸ்டேஷன்ல மனுவுக்குக் குடுக்குற ரசீதுல்ல? எங்கிட்ட நெறைய இருக்கே.”

அதில்லண்ணே, இது வேற என்றேன். எனக்கே அது என்னவென்று அப்போது சரியாகத் தெரியாது.

அந்த மூன்று எழுத்தை அடித்ததும் மடை திறந்ததுபோல வந்து கொட்டியது. பொறுப்பு என்றால் என்ன என்று ஒருவர் எழுதியிருந்தார். பொறுப்பு ஏன் லாபத்துக்கு நல்லது என்று இன்னொருவர். முக்கோணம் போட்டு நாலு தட்டாகப் பிரித்து நாலிலும் பொறுப்பு. டெல்லியில் பொறுப்பைப் பற்றி மாநாடு, மதியச் சாப்பாடு உண்டு. பொறுப்பாக நடந்துகொண்டதாக அறிக்கை எழுதித் தர ஒரு கம்பெனி, அந்த அறிக்கைக்கு அவார்டு தர இன்னொரு கம்பெனி. எல்லாப் பக்கத்திலும் யாரோ ஒரு குழந்தை குழாயடியில் சிரித்துக்கொண்டிருந்தது. எந்த ஊர்க் குழந்தையோ, அதே குழந்தையை மூன்று கம்பெனிகளில் பார்த்தேன். திவ்யா ஒவ்வொன்றையும் இங்கிலீஷிலிருந்து சொல்லச் சொல்ல, அண்ணன் ஊம் ஊம் என்று கேட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் கேட்டார்.

“இம்புட்டும் குடுத்தவன் எழுதுனதுதான? வாங்குனவன் எழுதுனது ஒண்ணுகூட இல்லையாத்தா?”

திவ்யா தேடினாள். நானும் பக்கத்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தேடினேன். கம்பெனி செய்யாவிட்டால் யாரைக் கேட்பது, எங்கே போவது என்று ஒருத்தராவது எழுதியிருப்பார்கள் என்று நம்பி அன்றைக்குச் சாப்பாட்டைக்கூட மறந்து தேடினேன். வெளிநாட்டுச் சங்கம் ஒன்று எழுதியிருந்தது, அதைத் திறக்க உறுப்பினராகச் சேரவேண்டுமாம். மௌஸைத் தூக்கி எறியலாம்போல இருந்தது. எறிந்தால் நான்தான் வாங்கவேண்டும் என்று வைத்துவிட்டேன்.

மில் பக்கத்தில் ‘உங்கள் கருத்து’ என்று ஒரு பெட்டி இருந்தது. திவ்யா அதில் தமிழில் எழுதினாள். கிணறு, மல்லிகை, ஓடை என்று எல்லாவற்றையும் மளமளவென்று அடித்தாள். எங்களிடம் இருந்த தமிழ் எழுத்து அவர்களிடம் இல்லைபோல, அனுப்பியதும் அவ்வளவும் கட்டம் கட்டமாகத் திரும்பி வந்து நின்றது. பிறகு இங்கிலீஷில் எழுதினாள். அந்த நிமிசமே பதில் வந்துவிட்டது. எங்கள் கம்பெனிமீது நீங்கள் காட்டும் ஆர்வத்துக்கு நன்றி என்று. பரவாயில்லையே, ஒடனே பதில் போடுறானே என்று அண்ணன் சந்தோசப்பட்டார். அது மனுசன் போட்டதில்லை, மிசின் போட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திவ்யாதான் சொன்னாள்.

அடுத்த நாள் மதியம் கிடைத்தது. மில்லின் வருசாந்திர அறிக்கை என்று ஒரு பெரிய பைல். நாங்கள் அதுவரை அதைத் தொடவே இல்லை, கணக்குவழக்காக இருக்கும் என்று விட்டிருந்தோம். இறங்க அவ்வளவு நேரம் எடுத்தது. நடுவில் கரண்ட் போய்விடக் கூடாதென்று நான் மீனாட்சியை வேண்டிக்கொண்டேன். நடுப்பக்கத்தில் ஒரு படம், மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. முதலில் வேப்பமரக் கிளை. அடுத்து ஒரு தலை, தலையில் பட்டுத்துணியால் பரிவட்டம். அந்தத் துணியை முடிச்சுப் போடுகிற இரண்டு கைகள்.

“அது என் கை” என்றார் அண்ணன். வலது கையில் செப்புக்காப்பு. அதே காப்பு மேஜைமேல் இருந்த அவர் கையிலும் இருந்தது.

பிறகு மில் மேனேஜரின் முகம் வந்தது. அவருக்குப் பின்னால் பேயாண்டி அண்ணனின் முகமும் வந்தது, வாய்கொள்ளாத சிரிப்போடு. அடுத்து மேனேஜர் கழுத்தில் மாலை. கடைசியில் படத்துக்குக் கீழே இரண்டு வரி. திவ்யா படித்தாள், சத்தமில்லாமல். பிறகு தமிழில் சொன்னாள். குடிநீர்த் திட்டம் நிறைவேறியதற்கு நன்றி தெரிவிக்கும் மொட்டப்பாறைப்பட்டி மக்கள்.

அண்ணனே சொன்னார், திக்கித் திக்கி. இரண்டு வருசத்துக்கு முன்னால், மாசிக் களரியில் எடுத்த படம் அது. மாசிப் பச்சையென்று சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலில் கூடுவார்களே, அது. அந்தக் கோயிலில் முதல் மரியாதை, அதாவது பூசாரி முதலில் பரிவட்டம் கட்டுவது, பேயாண்டி அண்ணனின் பங்காளி வகையறாவுக்கு. அதில் அந்த வருசம் இவருடைய முறை. தண்ணீர் அப்போதுதான் நிறம் மாற ஆரம்பித்திருந்தது. மேனேஜர் ஊருக்கு வந்து, கவலைப்படாதீர்கள், கழிவைச் சுத்தம் பண்ண மிசின் வைக்கிறோம், ஊருக்குக் குடிதண்ணீர்க் குழாய் போட்டுத் தருகிறோம் என்று வாயால் சொல்லியிருந்தார். ஊர்க்காரர்கள் கூடிப் பேசினார்கள். எழுதி வாங்குவதா என்று ஒருத்தர் கேட்டதற்கு, எழுதினதை மனுசன் கிழித்துப்போடுவான், சாமி முன்னால் மரியாதையை வாங்கிக்கொண்டவன் எப்படி மாறுவான் என்றார்கள். சரி என்று பேயாண்டி அண்ணன் தன் முறையை விட்டுக்கொடுத்தார். பூசாரியிடமிருந்து துணியை வாங்கித் தன் கையாலேயே மேனேஜர் தலையில் கட்டினார். மில்லிலிருந்து ஒருவன் கேமராவோடு வந்து படம் பிடித்துக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு மில் செய்தது, பஸ் நிற்கிற இடத்தில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டேங்க். மேடை கட்டி, மில் பெயரைப் பெரிதாக எழுதி, குழாயும் வைத்தார்கள். அதற்குத் தண்ணீர் வருகிற பைப்பு மட்டும் இல்லை.

எனக்கு வந்த கோபத்தை யார்மீது காட்டுவதென்று தெரியவில்லை. அண்ணன்மேலேயே காட்டினேன். செய்வதற்கு முன்னாலேயே யாராவது மாலை போடுவார்களா, உங்கள் ஊரில் ஒருத்தருக்குக்கூட அது தோன்றவில்லையா என்று கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. செஞ்சதுக்கப்புறம் எதுக்கு தங்கச்சி மாலை, செய்யணும்னுதான மாலை என்றார். படத்தைக் கலரில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் செல்லத்தாய் அக்காவே வந்தார். வெயிலில் நடந்து வந்த முகம். வந்ததும் செம்பு நிறையத் தண்ணீர் கேட்டுக் குடித்தார், இன்னொரு செம்பு கேட்டார். எங்கள் விளாங்குடித் தண்ணீரை நாங்களே உப்பென்று திட்டுவோம். அவர், தேனாட்டம் இருக்கு என்றார். சாப்பாட்டு நேரம். தூக்குவாளியைத் திறந்தார். சோறு மஞ்சளாக இருந்தது. மஞ்சள் போட்ட சோறு என்று நினைத்தேன். அந்தத் தண்ணீரில் பொங்கினால் அப்படித்தான் வருமாம். லாரித் தண்ணீர் வாங்குகிற அன்றைக்கு மட்டும் வெள்ளைச் சோறு. மொச்சைப்பயறு வெஞ்சனத்தோடு பிசைந்து அவர் சாப்பிட ஆரம்பித்தார். என் டப்பாவை அவர் பக்கம் தள்ளினேன். அவர் அதைப் பிடுங்கி மகள் கையில் கொடுத்துவிட்டார்.

சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துவிட்டு, அண்ணன் வீட்டில் காட்டாத அந்தப் படத்தைக் கேட்டார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“என்னயக் கட்டுன அன்னைக்குக்கூட இந்த மனுசனுக்கு இம்புட்டுப் பல்லு தெரியல.”

திவ்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. அன்னைக்கே சொன்னேன், கேக்கல என்றார். கட்டாதீக, அது ஒங்க அப்பன் பாட்டன் தலையில ஏறுனது, ஊரான் தலைக்கு ஏத்தாதீக என்று கோயில் வாசலில் வைத்துச் சொன்னாராம். பொம்பளைக்கு என்ன தெரியும் என்று இவர் சொல்லிவிட்டாராம். அதிலிருந்து இரண்டு பேருக்கும் நேருக்கு நேர் பேச்சுக் குறைவு. கிணற்றைப் பற்றிப் பேசினால் மட்டும் பேசிக்கொள்வார்கள், அதுவும் சண்டையாக.

அடுத்த திங்கட்கிழமை நானும் அண்ணன், திவ்யாவோடு கலெக்டர் ஆபீஸுக்குப் போனேன். கடையை ஜனகராஜிடம் விட்டுவிட்டு நான் போனதே அவருக்குப் பிடிக்கவில்லை. கூட்டம் மரத்தடிவரை நின்றது. எங்கள் முறை வந்தபோது அண்ணன் பாட்டிலை மேஜையில் வைத்தார், திவ்யா பிரிண்டை வைத்தாள். அதிகாரி கெட்டவரில்லை, அதைச் சொல்லவேண்டும். பொறுமையாகப் பார்த்தார். தண்ணீரைச் சோதனைக்கு அனுப்ப வேறு இலாகாவுக்கு எழுதுகிறேன் என்றார். பிறகு படத்தில் விரலை வைத்தார்.

“இதுல நன்றி சொல்றது நீங்கதானே? திட்டம் நிறைவேறலன்னா ஏன் மரியாதை செஞ்சீங்க?”

“முடிஞ்சதுக்குச் செஞ்ச மரியாத இல்லீங்கய்யா. செய்வாருன்னு செஞ்சது. எங்க பக்கம் மரியாதய முன்னாடியே குடுத்துருவோம். வாங்குனவன் செஞ்சுதான் ஆகணும்.”

அதிகாரி பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடியும் எடுத்தார். “இத நான் எப்படிய்யா எழுதுறது?” என்று கேட்டார். நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை. பின்னால் நின்ற கூட்டம் தள்ள ஆரம்பித்தது. கம்பெனியிடம் விளக்கம் கேட்கிறோம் என்று எழுதி அனுப்பிவிட்டார். கம்பெனி விளக்கத்தோடு என்ன அனுப்பும் என்று எனக்குத் தெரியாதா? அதே படத்தைத்தான் அனுப்பும்.

பஸ்ஸில் திரும்பும்போது அண்ணன் என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, கூச்சத்தோடு கேட்டார். “காதுகுத்துக்கு பிளக்ஸ் அடிக்கையில செத்தவுகளக்கூட மாலையும் கழுத்துமா நிக்க வைக்கிறியே தங்கச்சி. அந்தத் துணிய மட்டும் அவன் தலையிலருந்து எடுத்துற முடியுமா?”

முடியும் என்றேன். கடைக்கு வந்ததும் உட்கார்ந்தேன். துணியை அழிப்பது பெரிய வேலையில்லை. அழித்த பிறகுதான் தெரிந்தது, துணிக்குக் கீழே மேனேஜருக்கு முடி இருக்கிறதா வழுக்கையா என்று எனக்குத் தெரியாது. அண்ணனுக்கும் நினைவில்லை. வேறொருவர் முடியை ஒட்டினேன், மேனேஜர் சினிமாக்காரர்போல ஆகிவிட்டார். வழுக்கையாக்கினேன், பாவமாக இருந்தது. அண்ணன் அந்த மூன்று படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வேணாம், பழைய மாதிரியே வச்சுரு என்றார். துணிய எடுத்துட்டா நான் குடுத்ததே இல்லன்னு ஆயிரும், நான் குடுத்தேன்ல என்றார்.

அப்போதுதான் திவ்யா சொன்னாள். அவள் அதிகம் பேசாத பெண். “அக்கா, அவன் இண்டர்நெட்டுல போட்டான். எங்க ஊர்ல யாரு இண்டர்நெட்டு பாக்குறா? நாம நம்ம எடத்துல போடுவோம்.”

எங்கள் இடம் என்றால் பிளக்ஸ்தான். மதுரைக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பிறந்தாலும் பிளக்ஸ், பூப்பெய்தினாலும் பிளக்ஸ், செத்தாலும் பிளக்ஸ். மாசிக் களரி வந்துகொண்டிருந்தது. அதே படத்தைப் பெரிதாக்கினேன். மேலே, ‘மரியாதை வாங்கிக்கொண்ட மேனேஜர் அவர்களே, வருக வருக’ என்று போட்டேன். கீழே, ‘தண்ணீர்தான் இன்னும் வரவில்லை. இவண், மொட்டப்பாறைப்பட்டி பொதுமக்கள்’ என்று போட்டேன். டவுனில் எங்களுக்குப் பழக்கமான பிரஸ்ஸில் அடித்தோம். எங்கள் கடைப் பெயரையும் போன் நம்பரையும் ஓரத்தில் போட்டுக் கொடுத்தவர் ஜனகராஜ். எல்லாப் பிளக்ஸிலும் போடுகிற பழக்கத்தில் கை தன்னால் போட்டுவிட்டது என்றார் பிறகு.

பஸ் நிற்கிற இடத்தில், அந்தக் கறுப்பு டேங்க்குக்கு முன்னால் கட்டினார்கள். கோயிலுக்கு வெளியூரிலிருந்து வந்த பங்காளிகள், மாமன் மச்சான்கள் எல்லாரும் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் அதைப் படித்தார்கள். படித்துவிட்டு டேங்க் குழாயைத் திருகிப் பார்த்தார்கள், சிரித்தார்கள். மேனேஜர் அந்த வருசம் கோயில் பக்கமே வரவில்லை. தன் முறையை விட்டுக்கொடுத்தவர் என்பதால் முதல் மரியாதை திரும்பவும் பேயாண்டி அண்ணனுக்கே வந்தது. பூசாரி துணியோடு வந்து நிற்க, இவர் தலையைக் குனியவில்லையாம். ஒருக்கா குடுத்துட்டேன், திரும்ப வாங்குறதுக்கு அது என்ன ரேசனா என்று சொல்லிவிட்டாராம். கடைசியில் துணியைச் சாமி அரிவாளில் கட்டினார்கள்.

களரி முடிந்த மறுநாளே எங்கள் கடைக்குப் போன் வந்தது. அனுமதி வாங்காமல் பிளக்ஸ் வைத்ததாக மில் புகார் கொடுத்திருக்கிறது, அடித்தவர் யார், வந்து பேசுங்கள் என்று ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். ஊர் முழுக்க அத்தனை பிளக்ஸ் காற்றில் ஆடிக்கொண்டிருக்க, இது ஒன்றுதான் அவர்கள் கண்ணில் பட்டது. ஜனகராஜ் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுதமுடியாது, அது எங்கள் பாஷையில்தான் சரியாக வரும். போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். பிளக்ஸை இறக்கிவிடுவதாக அண்ணன் கையெழுத்துப் போட்டார். இறக்கியதைக் கையோடு கொண்டுபோய்விடுங்கள், இங்கே இடமில்லை என்றார்கள். இந்தத் தடவையும் ஒரு ரசீது கொடுத்தார்கள். சி.எஸ்.ஆர்.

அதற்கப்புறம் பங்குனி வெயிலில் ஒருநாள் திவ்யாவோடு நான் அந்த ஊருக்குப் போனேன். பேரையூரில் இறங்கி மினி பஸ் பிடித்துப் போனோம். தோட்டத்துக்குள் நுழைந்ததும் கால்வைத்த இடமெல்லாம் சருகு நொறுங்கியது. மல்லிகைச் செடிகளைப் பாதி வெட்டி விறகுக்கு அடுக்கியிருந்தார்கள். அதுவரை அண்ணன் சொல்லிக் கேட்டதுதான். கண்ணால் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மோட்டாரைக் கழற்றி விற்றுவிட்டார்கள். திருப்பூரில் திவ்யாவின் மாமா வீடு பார்த்து வைத்திருக்கிறாராம். அந்தப் பேச்சை இப்போது அண்ணனே சாதாரணமாகச் சொன்னார். துண்டை உதறவில்லை.

அவரும் அக்காவும் கிணற்றுமேட்டில் நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் ஒரு வெள்ளாட்டுக்குட்டி உள்ளே விழுந்துவிட்டதாம். எடுப்பதற்குள் செத்துவிட்டதாம். ஊரைவிட்டுப் போவதற்குள் கிணற்றை மூடிவிட வேண்டும் என்று அக்கா பிடிவாதம். மூடுவதற்கு எடுத்தது என் பிளக்ஸைத்தான். பெரிய பிளக்ஸ் என்பதால் கிணற்றின் முக்கால்வாசிக்கு வந்தது. நாலு மூலையையும் மோட்டார்க் கம்பத்திலும் வேப்பமரத்திலும் கல்லிலும் இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஆனால் மேலே வெறும் வெள்ளைதான் தெரிந்தது. எழுத்தையும் காணோம், படத்தையும் காணோம். குப்புறப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து, அக்கா மாத்திக் கட்டிட்டீங்களே, படம் உள்பக்கம் போயிருச்சே என்றேன்.

அக்கா கயிற்றை விடாமல் சொன்னார். “தெரிஞ்சுதான் போட்டேன். வெளிய பாத்துச் சிரிச்சது போதும், உள்ள இருக்குறதப் பாக்கட்டும்.”

அண்ணன் வேப்பமரத்துப் பக்கம் நின்றுகொண்டு, ரொம்பத் தாழ்ந்த குரலில், அதுல நானும்ல இருக்கேன் என்றார்.

“நீங்களும் சேந்து பாருங்க” என்றார் அக்கா.

காற்றில் ஒரு மூலை தூக்கித் தூக்கி அடித்தது. அண்ணன் குனிந்து அந்தக் கயிற்றை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினார்.